மாக்குலா: நான் அடித்த பொருள்

மேடையில் இருக்கும் அகராதிக் குழுத் தலைவர் அவர்களே, அச்சகத் தோழர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் இலத்தீன் தமிழ் அகராதியின் துணைப் பதிப்பாசிரியர், சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதி எழுதியே 'அட்டை ஐயா' என்று நம்மிடம் பெயர் வாங்கியவர், போய்விட்டார். அவரைப் புகழத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்கு வாய் வரவில்லை. அந்த யோக்கியதையும் எனக்கு இல்லை.

இலத்தீனில் 'மாக்குலா' என்று ஒரு சொல். புள்ளி என்று பொருள். துணியில் படும் கறைக்கும், ஒருவர் பெயருக்கு வரும் களங்கத்துக்கும் அதே சொல்தான். விழித்திரையின் மஞ்சள் புள்ளியைக் கண் மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அட்டை ஐயா இத்தனையும் எழுதிவிட்டு, கடைசியில் 'வலைக்கண்' என்றும் எழுதியிருந்தார்.

பதிப்பாசிரியன் நான். குழுவின் முன்னால் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். "புள்ளிக்கும் வலைக்கும் என்னய்யா சம்பந்தம்? தூக்கத்துல எழுதினீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "வலைய விரிச்சுத் தள்ளி நின்னு பாருங்க சார். ஓட்டையெல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். பழைய நூல்லயும் இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றார்.

எடுத்துவர நான் விட்டேனா? அந்தப் பொருளை அங்கேயே கோடு போட்டு அடித்தேன். 'கவனக்குறைவானவர்' என்று குறிப்பும் எழுதினேன். அந்தக் குறிப்பால் அவரை மெய்ப்புத் திருத்தும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்து, என் பிழைகளையும் சேர்த்துத் திருத்தினார்.

மூன்றே மாதத்தில் வேறொரு பெரிய அகராதியில் அந்தப் பொருளைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். வழியில் அவரே எதிரில் வந்து, "சாப்டாச்சா சார்?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கௌரவம் விடவில்லை. ஒன்பது ஆண்டும் விடவில்லை.

திருத்தச் சீட்டு நேற்று அச்சுக்குப் போயிருக்கிறது. எழுதியவர் அவர், அடித்தவன் நான் என்று அதில் இருக்கும். விற்காத பிரதி ஒவ்வொன்றிலும் என் கையால் ஒட்டுவேன். ஆதாரம் பார்க்காமல் இனி யாருடைய அட்டையிலும் கை வைக்கமாட்டேன். இது இந்தச் சபைக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அண்ணி, முந்தாநாள் உங்கள் வீட்டு வாசலில் கேட்டீர்கள்: "அவரு அப்படி என்னதான் தப்பு பண்ணாரு, நீங்களாவது சொல்லுங்களேன்." தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை, அண்ணி. பண்ணினவன் நான்.