வடக்கு அழிந்த கற்கள்

சீனியம்மாள்: சோப்புல போகலைன்னதும் விட்டிருக்கலாம்ல?

வீரணன்: கல்லு அழுக்கா இருந்துச்சு, சீனி. கட்டிலுக்கு அடியில இம்புட்டு மண்ணோட... ஒரு பல்லி வேற குடித்தனம் நடத்துது.

சீனியம்மாள்: அதுக்காக மண்ணெண்ணெய ஊத்தி நார் போட்டுத் தேய்ப்பாங்களா? அதென்ன வெங்கலப் பானையா?

வீரணன்: வீட்டு வேலையில புருசனும் கூடமாட ஒத்தாசை பண்ணணும்னு நீதான...

சீனியம்மாள்: பன்னெண்டு கல்லு. ஒவ்வொண்ணுலயும் வடக்கு எந்தப் பக்கம்னு அம்பு போட்டு வச்சிருந்தோம். இப்ப எல்லாம் மொட்டையடிச்ச மாதிரி பளபளன்னு நிக்குது.

வீரணன்: அம்பு போனா கல்லு வடக்க மறந்துருமா?

சீனியம்மாள்: கல்லு மறக்காது. அதுக்குள்ள இருக்குற காந்தம் எந்தத் திசையப் பாக்குதுன்னு ஹைதராபாத் லேப்ல இருக்குற மிஷின் சொல்லிரும். ஆனா மலையில அந்தக் கல்லு எப்படி உக்காந்திருந்துச்சுன்னு நமக்குத் தெரியாட்டி, மிஷின் சொல்லி என்ன பிரயோசனம்?

வீரணன்: அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமை கறிச்சோத்த விட்டுட்டு, அலங்காநல்லூரத் தாண்டி இந்தக் குன்றுக்கு மூட்டை சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். நீ டாக்டர் பட்டம் வாங்குறதுக்குள்ள என் கழுத்து தோளுக்குள்ள போயிரும்.

சீனியம்மாள்: நாளைக்கு ரயிலேறணும்ங்க. பேசாம இதக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்துல பொருத்துங்க. எங்க ஒடச்சோமோ அங்க மட்டுந்தான் கச்சிதமா உக்காரும். உக்காந்ததும் திரும்ப அம்பு போட்டுருவேன்.

வீரணன்: இங்கயா... உக்கார மாட்டேங்குது.

சீனியம்மாள்: தலைகீழா வச்சிருக்கீங்க.

வீரணன்: ஷ்யாம் சார் வச்சிருந்தா தன்னால உக்காந்திருக்கும்.

சீனியம்மாள்: என்ன சொன்னீங்க?

வீரணன்: சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

சீனியம்மாள்: காலையிலருந்து பேச்சுக்குத்தான் சொல்றீங்க. அவர் என்கூட ஆராய்ச்சி பண்றவர். அம்புட்டுதான்.

வீரணன்: பேரப் பாரு, ஷ்யாம். கூப்பிட்டா வாய்க்கே வலிக்காது. வீரணன்னு கூப்பிட்டா யாரோ அருவாளோட வாரான்னு நெனப்பாங்க. அருவா வேணாம், எனக்கு எலுமிச்சம்பழம் வெட்டவே கை நடுங்கும்.

சீனியம்மாள்: காம்பஸ் வைக்கப் போறேன். இடுப்புல இருக்குற பெல்ட்டக் கழட்டித் தூரப் போடுங்க. பக்கத்துல இரும்பு இருந்தா முள்ளு ஏமாந்துரும்.

வீரணன்: பெல்ட்டக் கழட்டினா பேன்ட் நிக்காது. தல்லாகுளம் ஆபீஸ்ல உக்காந்தே வளத்த வயிறு. அவருக்கு பெல்ட்டே வேணாம்ல?

சீனியம்மாள்: ஒரு கையால புடிச்சுக்கங்க.

வீரணன்: புடிச்சுட்டேன்... சீனி, ஒண்ணு கேக்கவா? கல்லப் பத்தித்தான்.

சீனியம்மாள்: கேளுங்க.

வீரணன்: கல்லு எப்ப இந்தத் திசையப் புடிச்சுக்கிருது?

சீனியம்மாள்: கொதிச்சுக் கெடந்தது ஆறுறப்ப. அன்னைக்கு வடக்கு எதுவோ அத உள்ள வாங்கிக்கிரும். அப்புறம் நிலமும் நிலமும் முட்டி மலை எழும்பும். அப்ப இந்தக் கல்லெல்லாம் ஆழத்துல போய் மாட்டி மறுபடி வெந்திருக்கு. அந்தச் சூட்டுல பழைய திசை போயிரும். திரும்ப ஆறுறப்ப, அந்தக் காலத்து வடக்கப் புதுசா வாங்கிக்கிரும்.

வீரணன்: பழசு சுத்தமாப் போயிருமா?

சீனியம்மாள்: எல்லாத்துலயும்னு சொல்ல முடியாது. கல்லுக்குள்ள இருக்குற சில பொடிக் காந்த மணிகள்ல அப்படியே தங்கிரும். லேப்ல கொஞ்சம் கொஞ்சமாச் சூடு ஏத்துவோம். பொதுவா புதுசு மொதல்ல கழண்டு போகும். கடைசியில பழசு தெரியும்.

வீரணன்: அப்ப புதுசுக்குத்தான் புடிமானம் கம்மி.

சீனியம்மாள்: கல்லப் பத்தித்தான கேக்குறீங்க?

வீரணன்: வேற எதப் பத்திக் கேப்பேன்?

சீனியம்மாள்: அம்பு மட்டும் போகல. ஓரத்துல எஸ்.எஸ்.னு எழுதியிருந்தோம். மத்த எடத்தவிட அந்த மூலையத்தான் போட்டுத் தேய் தேய்னு தேச்சிருக்கீங்க.

வீரணன்: அந்த மூலையில மண்ணு கொஞ்சம் ஜாஸ்தி.

சீனியம்மாள்: நெசத்தச் சொல்லுங்க.

வீரணன்: சீனி ஷ்யாம் ஒண்ணு, சீனி ஷ்யாம் ரெண்டு, சீனி ஷ்யாம் மூணு... நான் வாங்கிப் போட்ட கட்டிலுக்குக் கீழ வரிசையா கல்யாணப் பத்திரிகை அடுக்கின மாதிரி. மேல நான் குறட்டை விட்டுக்கிட்டு கெடக்கேன். உன் பேரோட என் பேரு சேந்து இருக்குறது ரேஷன் கார்டுல மட்டுந்தான்.

சீனியம்மாள்: எடுத்தவங்க பேர மாதிரிக்கல்லுல போடுறது எங்க டிபார்ட்மென்ட் வழக்கம்ங்க.

வீரணன்: தெரியும். நாளைக்கு நீயும் அவருமா ஒரு மாசத்துக்கு ஹைதராபாத் போறதும் ஆராய்ச்சிக்குத்தான்னு தெரியும். தெரிஞ்சும் கை தேய்க்குது, என்ன பண்ணச் சொல்ற?

சீனியம்மாள்: நேரடியாக் கேட்டிருக்கலாம்ல.

வீரணன்: கேட்டா சந்தேகப்படுறவன்னு ஆயிரும். அதான் சிரிச்சுக்கிட்டே கேட்டுப் பாத்தேன். 'உனக்கு அவருதான் நல்ல ஜோடி'ன்னேன், தோசை கருகுதுன்னு எந்திரிச்சுப் போன. 'நம்ம கல்யாணத்துக்கு அவரு ஏன் வரல'ன்னு கேட்டேன், பால் பொங்குதுன்ன. இங்க அடுப்பு இல்ல, சீனி. அவரு மேல உனக்கு... இருந்துச்சா?

சீனியம்மாள்: பேன்ட்ட விட்டுட்டீங்க.

வீரணன்: கெடக்கட்டும். நீ சொல்லு.

சீனியம்மாள்: இருந்துச்சு. என்னையக் கட்டிக்கிறியான்னு நான்தான் கேட்டேன், இந்தக் குன்றுல வச்சு. முடியாதுன்னுட்டாரு. அந்தக் கோவத்துலதான் உங்களுக்குச் சரின்னு சொன்னேன், பொண்ணு பாக்க வந்தப்ப உங்க மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கல. அதுல ஏதோ கொஞ்சம் இன்னும் உள்ள கெடக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா, சாயங்காலம் லேப்பப் பூட்டிட்டு 'வீட்டுக்குப் போறேன்'னு எல்லார்ட்டயும் சொல்லுவேன் பாருங்க... அப்ப நான் நெனைக்கிறது வீட்ட இல்லங்க, உங்களத்தான்.