பேர் போடாத ஒருத்தர்

பிரியமானவங்களே, பிரசங்கத்துக்கு நடுவுல சின்னதா ஒரு கதை சொல்லிக்கிறேன்... கம்ப்யூட்டர் விஷயம். பயப்படாதீங்க, எனக்கும் பாதிதான் தெரியும்.

ஜெபக்கனின்னு ஒரு அம்மா. பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்து நாள்ல ஆசிரியர் தேர்வு. வயசு வரம்பு முடியுது, இதை விட்டா வேற வாய்ப்பே இல்லை. பாடமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதைச் சத்தமா வாசிக்க ஒரு மென்பொருள் வேணும். வீட்ல இருக்கிறதோ ஆதிகாலத்துப் பெட்டி. ரெடிமேடா கிடைக்கிறது எதுவும் அதுல ஓடல. மூல நிரலை, அந்த மென்பொருளை எழுதின எழுத்தை அப்படியே இறக்கி, ஓடுற மாதிரி நாமளே கட்டிக்கணும். கட்டணும்னா லைப்ரரி வேணும். அதாவது, வேற யாரோ எழுதி வச்ச நிரல். நாம சாம்பாருக்குக் கடையில பொடி வாங்குறோம்ல, அப்படி.

அவங்க வீட்டுக்காரர் தேவசித்தம் உக்காந்தார். திரை முழுக்க எழுத்து ஓடிச்சு... கடைசியில 'பிழை'ன்னு நின்னுச்சு. ஒரு லைப்ரரி இல்லையாம். போட்டார். அதே பிழை. எடுத்துட்டு மறுபடியும் போட்டார். அதே பிழை. இருக்கு... ஆனா இல்லைங்குது. மூணு நாள் போச்சு. இது ஆகாது, விட்டுருன்னுட்டார்.

அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?

"திரையில இருக்கிறதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. மேல இருந்து."

இவருக்கு எரிச்சல். இருநூறு வரி! நாம யாராவது வாசிப்போமா? கடைசி வரியைப் பாத்துட்டுத் தலையில கை வைப்போம். ஆனா கேக்குறவங்களுக்குக் கண் தெரியாதே... வாசிச்சார். நாப்பதாவது வரியில குரல் நின்னுச்சு. அந்த மென்பொருளை எழுதின யாரோ ஒருத்தர் அங்க எழுதி வச்சிருக்கார்:

"லைப்ரரி உங்களிடம் இருக்கலாம். கட்டுவதற்கு வேண்டிய கோப்புகள் தனிப் பொதியாக வரும். அதன் பெயர் இன்னது. அதையும் போடுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்களுக்கு ஆகக் கூடாது."

போட்டார். ஓடிச்சு.

ஜெபக்கனி அழுதுட்டாங்க. எழுதினவர் பேரைக் கேட்டாங்க. பேர் போடலைன்னார் இவர். உடனே அந்தம்மா விசைப்பலகையைத் தடவி ஏதோ தட்டினாங்க. அந்தப் பெட்டி முதன்முதலா வாய் திறந்து வாசிச்சது அதைத்தான்... "யாருன்னு தெரியாத ஐயா, ரொம்ப நன்றி."

தேர்வுல தேறிட்டாங்களான்னு கேப்பீங்க. தேறிட்டாங்க. அதுக்காக இதைச் சொல்லல.

இன்னிக்கு ஸ்தோத்திரப் பண்டிகை, நன்றி சொல்ற நாள். முகம் தெரிஞ்சவங்களுக்கு நன்றி சொல்லியாச்சு. சரி... உங்க கஷ்டத்தை உங்களுக்கு முன்னாடியே பட்டுட்டு, உங்களுக்கு வரக் கூடாதுன்னு வழி பண்ணி வச்சவங்க? பேர்கூட போடாதவங்க? அவங்களை நினைச்சு மனசார ஒரு நன்றி சொல்லுங்க. வீட்டுக்குப் போனதும், நீங்க பட்ட ஒரு கஷ்டத்தை, அதே கஷ்டத்துல நிக்கிற ஒருத்தருக்கு விவரமாச் சொல்லுங்க.