இருபத்தாறு சென்டிமீட்டர்

பெட்டியின் மேல் வண்டியின் பெயர் அச்சடித்திருந்தால் அந்தச் சாமான் அந்த வண்டிக்குச் சேரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், சார். அதில் தப்பில்லை. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும்வரை சேரும். அடியில் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மை மாற்றிவிட்டால் பெட்டியை நம்பக் கூடாது, அளக்கும் டேப்பைத்தான் நம்ப வேண்டும்.

விபத்து வண்டிகளைச் சோதிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க முன்னால் குறுக்கே ஒரு கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியை ஆர்மோடு இணைக்கும் சின்னத் துண்டுதான் லிங்க். புது ஆர்மில் லிங்க் மாட்டும் காது மேலே ஏறியிருந்தால் லிங்கும் அந்த அளவுக்குக் குட்டையாக வேண்டும். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை நாலு அமுக்கு அமுக்கி, கம்பி மட்டமாக நிற்கும்போது துளைக்குத் துளை அளக்க வேண்டும். லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அளந்தால் நீளமாகக் காட்டும். வேலைக்கு வந்து ஆறு மாதமானவன் செய்யும் பிழை அது.

உங்கள் அறிக்கையில் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். "சக்கரம் தொங்கிய நிலையில் அளவெடுத்ததால் நேர்ந்த கவனக்குறைவு." கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டியபோது தோளைத் தட்டி, "ஆனைக்கும் அடி சறுக்கும் பெரியவரே" என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் முப்பத்தொரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறவன் நான். தொங்கும் சக்கரத்தில் அளந்தேன் என்று எழுதிய தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. தரையில்தான் அளந்தேன்.

அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தது என் மகள். எனக்கு இப்போதெல்லாம் கிட்டத்து எழுத்து தெரிவதில்லை. அவள் குனிந்து பார்த்து, "இருபத்தாறு, அப்பா" என்றாள். மறுபக்கமும் இருபத்தாறு. அவளுக்குப் பதினொரு வயதில் அவள் அம்மா போனாள். அன்றிலிருந்து டேப்பின் மறுமுனை, மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எல்லாமே அவள் கண்தான்.

கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். காலையில் ஷெட்டைத் திறக்கும்போது பையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நிற்பாள், "முட்டிக்கு மருந்து தேய்ச்சியா?" என்று அதட்டிவிட்டுப் போவாள். மருமகன் நிலம் அளக்கும் சர்வேயர். தங்கமான பிள்ளை, சார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாற்றல் வந்தது. ஏழு மணி நேரப் பயணம். அவள் சந்தோஷமாகப் பாத்திரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது எவ்வளவு சரி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆர்மை மாற்றச் சொன்னவர் மருமகன்தான். "மாமா, அங்க ரோடெல்லாம் மோசமாம். கொஞ்சம் பலமான ஆர்மா போட்டுடுவோமா?" என்று கேட்டார். போட்டுடலாம் மாப்பிள்ளை என்றேன். ஆர்ம் நல்ல ஆர்ம்தான். அதில் ஒரு குறையும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, பார்த்தீர்களா?

மகள் அளந்து சொல்லிவிட்டு மீதிச் சாமான்களைக் கட்ட வீட்டுக்குப் போனாள். மருமகன் என் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தார். நான் பெட்டியைப் பிரித்து லிங்கை எடுத்தேன். அது இருபத்தொன்பது. வண்டியின் பெயர் போட்ட பெட்டி.

"மாமா, இது கொஞ்சம் நீளமா தெரியுதே?" என்றார். நிலம் அளக்கிறவர் கண் அல்லவா.

"பெட்டியில உங்க வண்டி பேருதானே போட்டிருக்கு, மாப்பிள்ளை?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார்.

மூன்று சென்டிமீட்டர் அதிகமானால் நேர் சாலையில் ஒன்றும் ஆகாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் லிங்க் போய் பிரேக்கின் ரப்பர் குழாயில் இடிக்கும், 'டக்' என்று சத்தம் கேட்கும். மலையில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கேட்டுவிடும். கேட்டதும் மகள் போன் செய்வாள். திரும்பி வாங்க, பார்த்துடலாம் என்பேன். பார்க்க ஒரு வாரம் ஆகும் என்பேன். இரண்டு வாரம்கூட ஆக்கியிருப்பேன். என் கணக்கு அவ்வளவுதான் சார். எந்தத் தகப்பனுக்கும் தோன்றக்கூடியதுதான்.

இருபத்தாறு சென்டிமீட்டர் லிங்க் ஒரு ஜோடியும் அன்றைக்கே வாங்கிவிட்டேன். அவர்கள் புறப்பட்ட பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இதோ, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன், பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

போன் வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு வந்தபோது வேறு யாரோ பேசினார்கள்.

ஏறும்போது குழாய் தாங்கியது. அந்தப் பக்கம் இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் அறுந்தது. ஒரு குழாய் அறுந்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிடும். சமதரையில் வண்டியை நிறுத்த மீதிப் பிரேக் போதும். வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது போதாது. எனக்குத் தெரியும். மருமகன் தன் பக்கத்தைப் பாறையில் கொடுத்து அவளைக் காப்பாற்றியிருக்கிறார் என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த வரியை நான் நிறைய தடவை படித்தேன். அழுதேன் சார். நிஜமாகவே அழுதேன்.

மகளுக்கு இடுப்பெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். அவளுடைய பழைய அறையில் படுத்திருக்கிறாள். பதினோராம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சத்தம் கேட்டதுமே அவரு நிறுத்தலாம்னாருப்பா. மெக்கானிக் கடைகூட ஒண்ணு இருந்துச்சு. நான்தான் விடல. அப்பா சொல்லியிருக்காரு, போங்கன்னேன்."

ஆமாம், நான் சொல்லியிருந்தேன். புறப்படும்போது அவள் கண்ணாடியை இறக்கினாள். நான் குனிந்து, "புது ஆர்ம்மா. திருப்பத்துல டக்குனு ஒரு சத்தம் வரும், பழகுற வரைக்கும் அப்படித்தான். அதுக்காக எங்கயும் நிறுத்தாதீங்க" என்றேன். வழியில் கண்ட கண்ட ஆளிடம் வண்டியைக் காட்டிவிடக் கூடாதே என்றுதான் சொன்னதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தால் திரும்பி வருவார்கள் என்று லிங்கை மாட்டியவனும் நான், சத்தம் வந்தால் நிறுத்தாதே என்று சொன்னவனும் நான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன வருகிறது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மருமகனைக் கொன்றவன் நான்தான். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. நான் சொல்வது சரியா என்று விசாரிக்க அவளிடம் போய், அன்றைக்கு டேப்பில் என்ன அளவு பார்த்தாய் என்று கேட்டுவிடாதீர்கள். மூன்று நாளாகத்தான் என் கையால் இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறாள்.