எந்த ஓட்டுநர்?

ரப்பர் தோட்டத்தில் வேலை கேட்டு அருமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஸ்டூடியோவில் பிளக்ஸ் பேனர் செய்கிறவள் போல. மடியில் லேப்டாப் இருந்தது.

"ஏட்டி, 'காட்சி ஓட்டுநர் பதிலளிக்கவில்லை, காத்திருக்கவும்'னு ஸ்கிரீன்ல வந்தா நீ என்ன செய்வ?"

பக்கத்திலிருந்தவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"நான் காத்திருந்தேன். வண்டி ஓட்டுதவனுக்கும் எனக்க படத்துக்கும் என்னட்டி சம்பந்தம்? கடசியில எல்லாம் அணைஞ்சு போச்சு. ஒண்ணும் சேவ் ஆகல்ல."

"அது டிரைவர்ட்டி. படத்த ஸ்கிரீன்ல காட்டுத சாஃப்ட்வேருக்குப் பேரு அது. தமிழ்ல ஓட்டுநர்னு ஆக்கியாச்சு."

"எந்த மண்டையன் ஆக்கினான்?"

"நான்தான். அந்த சாஃப்ட்வேரத் தமிழாக்குதது எங்க கம்பெனிதான்."

பேனர்காரி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"'உடனே சேமியுங்கள்'னும் எழுதியிருந்தேன். நீளமா இருக்குன்னு ஆபீஸ்ல வெட்டிட்டாவ."

"அது ஒரு சாவு பேனர்ட்டி. செத்த பையனுக்குத் தனி போட்டோவே கிடையாது. கல்யாண குரூப் போட்டோவில மங்கலா நின்னவனுக்க முகத்தக் காலையிலருந்து தெளிவாக்கினேன். மத்தியானம் அடக்கம். சர்ச் வாசல்ல அவன் முகம் இருக்கணும்னு அவனுக்க அம்மா கேட்டா. இனி திரும்பச் செய்ய நேரமில்ல. இப்ப அவகிட்ட போயி நான் என்ன சொல்ல? நீதான எழுதுதவ, சொல்லித் தா."

மற்றவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"'மன்னிக்கவும், ஏதோ தவறு நடந்துவிட்டது'ன்னுதாம்ட்டி எனக்கு வருது" என்றாள்.