அறுபத்து மூன்றாம் டோக்கன்

உங்கள் ஆபீசில் காத்திருப்போர் நாற்காலிகளுக்கு எதிரே வெறும் சுவர்தான் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை டிஸ்டெம்பர், நடுவில் ஒரு ஆணி, ஆணியில் காலண்டர்கூட இல்லை. மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் ஒன்றும் இல்லை, கால் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். காத்திருக்கிறவன் எதையாவது பார்த்தே ஆகவேண்டும் சார். அந்த அவஸ்தைதான் என் தொழில்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. சென்னம்மாள் உங்களிடம் கொடுத்த புகார் மனுவில் இருப்பதும் அதேதான். ஆஸ்பத்திரியில் அறுபத்து மூன்றாம் டோக்கனை எப்போது கூப்பிட்டார்கள்? இரண்டு தடவை கூப்பிட்டேன் என்கிறார் டாக்டர். கூப்பிடவே இல்லை என்கிறார் அந்தம்மா. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

எங்கப்பாவுக்கு நாமகிரிப்பேட்டையில் ஜவுளிக்கடை. நாலு முழ வேட்டி ஒன்று வேண்டும் என்று யாராவது வந்தால், வேட்டி அவர் காலடியிலேயே இருக்கும். எடுக்க மாட்டார். "கெடக்குதான்னு பாக்கறேனுங்க" என்று உள்ரூமுக்குப் போவார். போய் மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். அவர் திரும்பி வருவதற்குள் வந்தவர் இரண்டு சேலையைத் தொட்டுப் பார்த்திருப்பார், ஒரு துண்டை விலை கேட்டிருப்பார். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கேட்ட பொருளைக் கொடுத்துத்தானே அனுப்பினார்? கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தார்.

ஊரெல்லாம் டிவி மாட்டி, ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் விளம்பரம் ஓட்டலாம் என்று நான் இறங்கியபோது, எங்கே மாட்டுவது என்று பார்க்கவே நாலு மாதம் அலைந்தேன். பஸ் ஸ்டாண்டில் சனம் பஸ்ஸைப் பார்க்கிறது. பேக்கரியில் பப்ஸைப் பார்க்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் தலையே நிமிர்வதில்லை. ஆஸ்பத்திரி ஹாலில்தான், அரை நிமிடத்துக்கு ஒருதரம் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. டோக்கன் நம்பர் ஓடும் பெட்டியின் பக்கம். அன்றைக்கே முடிவு செய்தேன். நம்பரும் என் டிவியிலேயே வரட்டும்.

பதினொரு ஆஸ்பத்திரி, முப்பத்தெட்டு டிவி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. டாக்டர் தன் மேஜையில் பொத்தானை அழுத்தினால் நம்பர் என் கம்ப்யூட்டருக்கு வரும், அங்கிருந்து ஹால் டிவிக்குப் போகும். விளம்பரத்தின் நடுவில் நம்பர் வந்து விழுந்தால் கடைக்காரருக்கு வருத்தம். அதனால் விளம்பரம் முடியும்வரை நம்பரைப் பிடித்து வைக்க ஒரு ஏற்பாடு செய்தேன். முதலில் பத்து நொடி. யாருக்கும் தெரியவில்லை. பிறகு நாற்பது நொடி. பிறகு ஒன்றரை நிமிடம். சனம் எழுந்து வர நேரமாக்குகிறது என்று உள்ளே டாக்டர் சலித்துக்கொண்டார். டாக்டர் ரொம்ப நேரம் பார்க்கிறார் என்று வெளியே சனம் சலித்துக்கொண்டது. நடுவில் இருந்த என் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்தத் திருச்செங்கோடு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இடைஞ்சல், நர்மதா. கதவருகே நிற்கிற நர்ஸ். நம்பரைத் தொண்டையால் கூப்பிடுகிறவள். கூப்பிடுவதோடு விட மாட்டாள், வரிசை வரிசையாக முகத்தைப் பார்ப்பாள். "ஏனுங்கப்பா, உங்க மொகமே சரியில்லீங்களே, நீங்க மொதல்ல உள்ள வாங்க" என்பாள். "அப்ப நாங்கெல்லாம் பவுடர் போடாம வந்திருக்கோணும்போல" என்று யாராவது முனகுவார்கள். அவள் வாயைத் திறந்தால் ஒருவரும் டிவியைப் பார்ப்பதில்லை.

பாரபட்சம் காட்டுகிறாள் என்று புகார்ப் பெட்டியில் மூன்று சீட்டுகள் விழுந்தன. மூன்றையும் நான்தான் எழுதினேன். அவளை மருந்துக் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள், அதன் பிறகு நம்பர் டிவியில் மட்டும்தான். போகும்போது என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்ணா, உங்க டிவிக்குக் கண்ணு இருக்குதுங்களா?"

"பாக்கற சனத்துக்கு இருக்குது நர்மதா. அது போதும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

மனுவில் இருக்கிற அந்த நாள் செவ்வாய்க்கிழமை. சேலம் பட்டுக்கடை கலையரசன் அண்ணன், பதினொரு ஹாலையும் கல்யாண சீசனுக்கு மொத்தமாக எடுப்பதற்கு முன்னால் ஒருதரம் நேரில் பார்க்கத் திருச்செங்கோடு ஹாலுக்கு வந்திருந்தார். அவருடைய புது விளம்பரப் படம் மூன்றரை நிமிடம் ஓடும். "நம்பர் கிம்பர் குறுக்க வரக் கூடாது நந்தா, படம் முழுசா ஓடோணும்" என்றார். போனில் ஒரு தட்டுத் தட்டி நம்பரை நிறுத்தினேன். இன்னொரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்று, யார் கண் எவ்வளவு நேரம் டிவி மேல் இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியில் செல்லமுத்து. முப்பது வருடம் ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போட்டவராம். பிறகுதான் தெரியும். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சென்னம்மாள் எழுந்து என்னிடம் வந்தார். கழுத்தில் அட்டையும் கையில் பேனாவும் இருந்தால் நம்மிடம்தான் கேட்பார்கள்.

"ஏனுங்க சாமி, அறுவத்திமூணு வந்துருச்சுங்களா? இவரு நெஞ்சப் புடிக்குதுங்கறாரு."

டாக்டர் அறுபத்து மூன்றை அழுத்தியது அப்போதுதான் என் போனில் வந்தது. பதினொன்று பத்து.

"இன்னும் வரலீங்கம்மா. டிவியிலயே வரும், பாத்துட்டே இருங்க."

அவர் போய் அதையே புருசனிடம் சொன்னார். செல்லமுத்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "பட்டுச்சீலையவேதான் காட்டறான், டாக்டரக் காட்ட மாட்டேங்கறானே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "பாத்தயா நந்தா, பெரியவரே பாக்கறாரு. இன்னொருக்கா போடு" என்றார் கலையரசன் அண்ணன். போட்டேன்.

பதினொன்று பதிமூன்றுக்கு டாக்டர் மறுபடி அழுத்தினார். அந்தம்மா மறுபடி வந்து கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். பதினொன்று பதினாறுக்கு, அறுபத்து மூன்று ஆள் வரவில்லை என்று குறித்துவிட்டு, டாக்டர் அடுத்த நம்பருக்குப் போனார். அதுவும் போனில் வந்தது. எதுவும் தெரியாமல் நடக்கவில்லை என்பதை நீங்கள் தெளிவாகவே எழுதிக்கொள்ளலாம். நம்பரைப் பிடித்து வைத்தது நான். பெரியவரின் நெஞ்சுவலியைக் கேட்ட பிறகும் வைத்திருந்தேன். ஒரு தட்டுத்தான். ஆனால் படம் அப்போது மூன்றாம் தடவை ஓடிக்கொண்டிருந்தது, முகூர்த்தச் சேலை வரும் இடம். பாதியில் நிறுத்துவது மரியாதையாக இருக்காது.

"நீங்க டிவியப் பாத்துட்டு இருங்க, நான் தண்ணி புடிச்சுட்டு வாரேன்" என்று சென்னம்மாள் எழுந்து போனார். ஹாலில் எல்லாரும் நெளிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து நின்றார், ஒருவர் செருப்பைத் தேய்த்தார், ஒரு பெண் சீட்டை நாலாக எட்டாக மடித்தாள். எனக்கே கால் நிற்கவில்லை. செல்லமுத்து மட்டும் தூணில் தலையைச் சாய்த்து, அசையாமல், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இமைகூடக் கொட்டவில்லை. இப்படி ஒரு ஆளைப் பதினொரு ஹாலிலும் நான் பார்த்ததில்லை. அண்ணனுக்கு ஜாடை காட்டினேன்.

மருந்துக் கவுன்ட்டரிலிருந்து நர்மதாதான் ஓடிவந்தாள். அத்தனை தூரத்திலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தடி தள்ளி நின்று அந்த முகத்தையே பார்த்து எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. என்னை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அது உண்மை.

நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். எல்லாம் நிமிடத்தோடு இருக்கிறது. சென்னம்மாளிடம் இதைக் காட்டுங்கள், அவர் பொய் சொல்லவில்லை என்று இதிலேயே இருப்பது அவருக்கும் தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் எனக்கு ஒரு நகல் வேண்டும் சார். கலையரசன் அண்ணன், சனம் பார்க்கிற நேரத்துக்கு ஹால்வாரியாகச் சராசரி கேட்டிருக்கிறார். செல்லமுத்துவின் கடைசி மூன்றரை நிமிடத்தைக் கழித்துவிடலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். கழிக்கவில்லை. கண் டிவி மேல்தானே இருந்தது.