சிவப்பு அட்டைக்குப் பிறகு

டிரைவர்: உக்காருங்க மேடம். நீங்க கதவை உதைக்கிற உதையில பஸ்ஸே ஆடுது.

கோச்: கதவைத் திறங்கண்ணே. சுவரோரம் நின்னு பாத்துட்டு வந்துடறேன்.

டிரைவர்: சிவப்பு அட்டை வாங்கினவங்க ஹாக்கி கிரவுண்டுப் பக்கமே போகக் கூடாதாமே? அதோட, இது காத்துல திறக்கிற கதவு, காத்து ஏறலை. இன்ஜின் ஓடணும்…

கோச்: அப்ப ஓட்டுங்க!

டிரைவர்: பேட்டரி மக்கர் பண்ணுது.

கோச்: காலையில நல்லாத்தானே இருந்துச்சு! சரி, சீட்டு மேல ஏறி, கூரைத் துவாரத்துல தலையை நீட்டிப் பாருங்க. என் முட்டி நல்லாயிருந்தா நானே ஏறிடுவேன்.

டிரைவர்: இந்த முட்டியை வெச்சுக்கிட்டு அம்பயர்கிட்ட அந்த ஓட்டம் ஓடினீங்களே… ஏறிட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணுதான் இன்னும்.

கோச்: பந்து யார்கிட்ட?

டிரைவர்: ஒரு கூட்டத்துக்கு நடுவுல.

கோச்: ஐயோ… தோத்தா டீமையே கலைச்சுடுவேன்னு பிரின்சிபால் சொல்லியிருக்கார். நீங்க கூட்டங்கிறீங்க!

டிரைவர்: தெரிஞ்சும் ஏன் மேடம்? நமக்குக் கொடுத்த ஃப்ரீ ஹிட்டுக்கே சண்டை போட்டீங்க.

கோச்: லேட்டாக் கொடுத்தான்.

டிரைவர்: நீங்க ஆடுறப்பவும் இப்படித்தானா?

கோச்: நான் ஆடுறப்ப பெஞ்சுப் பக்கம் திரும்பினதே இல்ல. என் கோச்சுக்குக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிடும். இந்தப் பொண்ணுங்க என்னடான்னா… தண்ணி குடிக்கக்கூட என் மூஞ்சியப் பாக்குதுங்க.

டிரைவர்: விசில்! எல்லாரும் கோல் பக்கமா ஓடுறாங்க.

கோச்: பெனால்டி கார்னரா? நமக்கா?

டிரைவர்: நமக்குத்தான். ஆனா நம்ம பொண்ணுங்க… பெஞ்சைப் பாக்குறாங்க மேடம்.

கோச்: ஆட்டத்தைப் பாருங்கடி…

டிரைவர்: இன்னும் பாக்குறாங்க.

கோச்: அங்க யாருமில்லடி…

டிரைவர்: இப்ப கூடி நின்னு பேசுறாங்க. கேப்டன் யார் தலையிலயோ தட்டுது.

கோச்: கேப்டன்தான் அடிப்பா. அப்படித்தான் பழக்கியிருக்கேன்.

டிரைவர்: பந்து வந்துடுச்சு… கேப்டன் மட்டையை ஓங்குது… அடிக்கலை!

கோச்: என்னது?

டிரைவர்: பக்கத்துல தள்ளி விட்டுடுச்சு. குட்டையா ஒரு பொண்ணு…

கோச்: சுண்டெலியா? அவளைக் கார்னர் பக்கமே நான் விடமாட்டேனே!

டிரைவர்: அடிச்சுடுச்சு… பந்து…

கோச்: அண்ணே! வாயைத் திறங்க!

டிரைவர்: உள்ள மேடம்! பந்து உள்ள! சுண்டெலியத் தூக்கிட்டாங்க… நீண்ட விசில், முடிஞ்சுது… ஏன் மேடம் உக்காந்துட்டீங்க?

கோச்: நான் சொல்லித்தராத ஆட்டம்ணே அது.

டிரைவர்: சந்தோஷந்தானே?

கோச்: உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விடாதீங்க. அந்த அட்டைய வேணும்னுதான் வாங்கினேன். நான் பெஞ்சுல இருக்கிற வரைக்கும் இதுங்க தானா ஆடாது.

டிரைவர்: அப்புறம் ஏன் கதவை அந்த உதை உதைச்சீங்க?

கோச்: இருப்புக் கொள்ளலை… சரி, காத்து ஏறிச்சா பாருங்க.

டிரைவர்: காத்தும் இருக்கு, பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு மேடம். இடைவேளையில கேப்டன் பொண்ணு ஓடி வந்துச்சு. “கோச் அக்கா சரியான தீர்ப்புக்கெல்லாம் சண்டை போடறாங்க, அட்டை வாங்காம விட மாட்டாங்க. பஸ்ஸுக்கு வந்தா மட்டும் திரும்ப விட்டுடாதீங்கண்ணே”ன்னு சொல்லிட்டுப் போச்சு.