ஐடி கார்டு மட்டம்

— எழுதி வெச்சுக்கோ பேச்சிராஜு. ஒரே ஒரு கையெழுத்துல ஒரு ஓடையவே இல்லாம பண்ணவன் இந்த ஒரகடம் ரோட்டுல நான் ஒர்த்தன்தான். மலைய உடைச்சவன் கீறான், ஏரிய தூத்தவன் கீறான். அவனுங்களுக்கெல்லாம் லாரி வேணும், மிஷின் வேணும். எனுக்கு ஒரு பால்பாயின்ட் பேனா போதும்.

— அந்த ஓடையிலதான் இப்பக் கால நனைச்சுட்டு வாரேன் எழிலரசன் அண்ணாச்சி. செருப்பு வெளிய காஞ்சுக்கிட்டு கெடக்கு.

— அது ஓடை இல்லபா. நான் மனு எழுதறதுக்கு மின்னாடிதான் அது ஓடை. இப்போ அது மழைத்தண்ணி தேங்கற பள்ளம். மேனேஜர் நானே சொல்றேன், சர்வேயர் நீ சந்தேகப்படற. மனுவ எடுத்துப் படி.

— "மேற்படி மனைப்பிரிவின் குறுக்கே ஓடை, வாய்க்கால், நீர்வழி எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன். எனவே சாலை அமைக்கத் தடையில்லாச் சான்று வழங்கிட வேண்டுகிறேன்."

— எப்டி? "எதுவும்" போட்டேன் பாரு, அதுலதான் வெயிட்டு கீது.

— என்னத்தச் சொல்ல, தமிழ் நல்லாத்தான் இருக்கு. மனுதான் திரும்பி வந்துட்டு.

— இன்னாது? எப்போ?

— இன்னைக்குக் காலையில. பொதுப்பணித்துறை ஆபீசுல கூப்பிட்டுக் கையில குடுத்துட்டாவ. அந்த இஞ்சினியர் அம்மா சிவப்பு மையில ஒரு வரி எழுதியிருக்காவ.

— படி.

— "ஓடை இல்லையெனில், இணைப்பில் உள்ள இரண்டு அன்னப்பறவைகளும் எதில் நீந்துகின்றன?"

— எந்த அன்னம்?

— நம்ம நோட்டீஸ் அண்ணாச்சி. "சலசலத்து ஓடும் ஓடைக்கரையில் உங்கள் கனவு இல்லம். ஓடைக்கரை கார்டன், படப்பைக்கு மிக அருகில்." கீழ ரெண்டு அன்னம், பக்கத்துல ஒரு படகு. அதையும் மனுவோட சேத்துக் குண்டூசி குத்தி அனுப்பியிருக்கிய.

— அது மொதலாளி ஆர்டர்பா. எந்த ஆபீசுக்கு எந்தக் காயிதம் போனாலும் கூட ஒரு நோட்டீஸ் போவணும். ஆபீசுல கீறவனுக்கு வூடு வாணாமா? கரன்ட் ஆபீசுக்கு அப்டிப் போன நோட்டீஸ்லதான் ஆறாம் நம்பர் மனையே வித்துச்சு.

— இந்த அம்மாவுக்கு மனை வேண்டாமாம். ஓடைதான் வேணுமாம்.

— படகு யார் போடச் சொன்னது?

— நீங்கதான். பிரஸ்ல மான் போடவான்னு கேட்டாவ. மான் நிலத்துல நிக்கும், கவர்ச்சியா இருக்காதுன்னுட்டிய.

— சரி வுடு. இப்போ இன்னாதான் கேக்கறாங்க?

— ஓடைய ஓடைன்னு ஒத்துக்கிடணும். ரோடு அதத் தாண்டுத எடத்துல பாலம் வைக்கணும். பத்தடி அகலத்துக்குப் பெட்டிப் பாலம். ரெண்டு கரையிலயும் எடம் விடணும்.

— பெட்டிப் பாலமா? நான் ரெண்டடி சிமென்ட் கொழா ரெண்டு எறக்கி வெச்சிகினு கீறேன் பேச்சி. போட்டு மேல மண்ண தள்ளினா ரோடு.

— அந்தத் தண்ணி ரெண்டு கொழாயில அடங்காது. எதுக்களிச்சு ஊருக்குள்ள ஏறிரும்.

— தண்ணிய அடக்கறது என் வேல. எனுக்கு நாளுதான் இல்ல. ஆடி முடியப் போவுது. சான்று வர்ற அன்னிக்கே எனுக்கு ஒரு மனை எழுதித் தரேன்னு மொதலாளி சொல்லிகீறாரு. தையில கல்யாணம். சொந்த வூட்டுக்கு கடகாலாவது போட்டுக் காட்டினாதான் பொண்ணுன்னு வாலாஜாபாத்துல ஒரே புடியா நிக்கறாங்க. பாலம் கீலம்னு போனா அந்தப் பொண்ணு எவனுக்கோ ரெண்டாவது புள்ளய பெத்துடும்.

— ஒழுங்காப் படம் வச்சுக் குடுத்தா ரெண்டு மாசத்துல வந்துரும் அண்ணாச்சி. நான் போட்டுத் தாரேன். பதினோராம் நம்பர் கேள்வி ஒண்ணுதான் பாக்கி.

— அது இன்னா?

— "இதுவரை அறியப்பட்ட உச்ச வெள்ள மட்டம். அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து எழுதுக."

— விசாரிச்சா? வூடு வூடா விசாரிக்க நீ இன்னா போஸ்ட்மேனா? யார விசாரிப்ப?

— ஓடையத் தாண்டிப் போவுதவுகளத்தான். அந்தா, ஒரு பிள்ள செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு வருதுல்லா?

— அது நம்ம மஞ்சுளா. எங்க ஊருதான். காருக்கு ஒயர் கட்டற கம்பெனில செகண்ட் ஷிஃப்ட். டெய்லி இந்த ஓடைய... பள்ளத்த தாண்டிதான் கம்பெனி பஸ்ஸ புடிக்கும். அதுகிட்ட போயா வெள்ளம் கேப்ப?

— தங்கச்சி, ஒரு நிமிசம் நில்லு.

— சீக்கிரம் சொல்லு சார். ஒன்னே முக்காலுக்கு பஸ்சு. இன்னாண்ணா எழிலண்ணா, இவுரு இன்னா டேப்ப இஸ்துகினு வராரு?

— ஒன்னியும் இல்ல மஞ்சு. கவர்மென்ட் ஒன்ன அளந்துகினு வரச் சொல்லிட்டாங்க.

— இந்த ஓடையில தண்ணி எவ்வளவு உசரம் வந்து பாத்திருக்க தங்கச்சி?

— எந்த வருசம் வேணும்?

— வருசவாரியாவா வச்சிருக்க?

— வேலைல சேந்து அஞ்சு வருசம் சார். மொத வருசம் முட்டி. அதுக்கடுத்தது ஒன்னியும் இல்ல, கொலுசோட போச்சு. அப்புறம் ஒரு வருசம் சோத்து டப்பா நனைஞ்சிது, தோள்ல இருந்த பைய தல மேல வெச்சிகினு போனேன். முந்தின வருசம் ஐப்பசிலதான் ஜாஸ்தி. ஐடி கார்டு.

— ஐடி கார்டுன்னா?

— இதோ கயுத்துல தொங்குதே. அது வரைக்கும் வந்திச்சு. அட்ட உள்ள தண்ணி பூந்து ஃபோட்டோ கரைஞ்சே போச்சு. கேட்டுல செக்யூரிட்டி பாத்துட்டு, இது நீயான்றான். பாரு சார், இன்னும் மாத்தித் தரல. எனுக்கு மூக்கே இல்ல.

— லீவு போட்டிருக்கலாம்ல?

— அட போ சார். லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸு பூடும். மூக்கு போனா பரவால்ல.

— அன்னைக்கு எங்க நின்ன, கரையிலயா நடுவுலயா?

— நட்ட நடுவுல. செருப்பு பைல. வெறுங்காலு.

— அப்ப செருப்பக் கீழயே வை. நேரா நில்லு. கார்டக் கையால பிடிக்காத தங்கச்சி, தானாத் தொங்கட்டும். ம்... மூணடி எட்டு அங்குலம்.

— ஐயோ பேச்சி, இத நான் யார்கிட்ட போயி சொல்லி சிரிப்பேன்? ரோட்டுக்கு அந்தாண்ட மனுசன் கையே படாம காரு வெளிய வருது. இந்தாண்ட டிப்ளமா படிச்ச ஆளு ஒரு பொண்ணு கயுத்து அட்டைல டேப்ப வெச்சி வெள்ளம் அளக்கறான். எழுது, எழுது. உச்ச வெள்ள மட்டம், மஞ்சுளாவின் ஐடி கார்டு. நாளைக்கு அது ஹை ஹீல்ஸ் போட்டா வெள்ளம் எறங்கிடுமா?

— சிரிண்ணா, நல்லா சிரி. நீ அந்த ரெண்டு கொழாய பொதைச்சா தண்ணி எங்க தெருவுலதான் வந்து நிக்கும். எங்கூட்டுக்கு ஒரே ஒரு படி. ஒங்கூடு மேட்டுல கீது, ஒனக்கின்னா?

— நான் இன்னா கேக்கறேன்னா, அளக்கறதுன்னா கம்ப்யூட்டர்ல அளக்கணும். எழுதி வெச்சுக்கோ மஞ்சு, ஆளுங்க ஒடம்ப வெச்சி தண்ணிய அளக்கற பொயப்ப இந்த எழிலரசன் செத்தாலும் செய்ய மாட்டான்.

— அண்ணாச்சி, பஸ் வந்துட்டு. தங்கச்சி, நீ போ.

— வரேன் சார். படத்துல என்ன வரைஞ்சா மூக்கு வெச்சி வரை.

*

— அண்ணாச்சி, சான்று வந்துட்டு!

— அய்யய்ய, மெல்லபா. டீ கொட்டிச்சு. நெசமாவா?

— புரட்டாசி முடியல, கையில இருக்கு பாருங்க. பத்தடி பெட்டிப் பாலம், ரெண்டு கரையிலயும் எடம் விட்டு. அந்த இஞ்சினியர் அம்மாவே நேர்ல வந்து பாத்துட்டுப் போனாவ. நீங்க அன்னைக்கு வாலாஜாபாத்துக்குப் போயிட்டிய.

— பதினோராம் நம்பர் கேள்விய பாத்தாங்களா? ஐடி கார்டு வெள்ளத்த?

— பாத்தாவ. சிரிக்கல. எல்லாவனும் "விசாரித்ததில் வெள்ளம் வந்ததில்லை"ன்னே எழுதிக் குடுப்பானாம். பதிமூணு வருசச் சர்வீசுல இப்பத்தான் ஒருத்தன் விசாரிச்சிருக்கான்னு சொன்னாவ. மஞ்சுளா மூக்கப் பத்தியும் கேட்டாவ.

— சரி சரி. ஜெயிச்சது யாரு? நான். ஓடைய இல்லாம பண்ணேன், வாணாம்னதும் திருப்பி வர வெச்சேன். ரெண்டும் என் கைல கீது. மொதலாளி ஃபோன் பண்ணாரு பேச்சி. பதினாலாம் நம்பர எனக்குன்னு எழுதிட்டாராம். ரோட்டோரம்! வாசல்ல நின்னா ஷேர் ஆட்டோ. வாலாஜாபாத்துக்கு நேத்தே சொல்ட்டேன், அய்ப்பசி மொத வாரத்துல கடகால்னு. அந்தப் பொண்ணு கூட ஃபோன்ல வந்து "சரிங்க"ன்னுச்சு.

— பதினாலா?

— இன்னாபா மூஞ்சி அப்டிப் போவுது?

— ரோட்டோரம் பதினாலுன்னது பழைய படம் அண்ணாச்சி. ஓடைக்கு ரெண்டு பக்கமும் எடம் விட்டதுல நம்பரெல்லாம் மாறிட்டு. உங்க கையெழுத்துக்கும் கொண்டாந்தேனே, பாக்காமப் போட்டிய.

— அப்போ புது பதினாலு எங்க கீது?

— அன்னம் நீந்துத எடத்துக்கு அடுத்தாப்புல.

— இந்த டீய புடி. அந்தப் படத்த குடு.

— நல்ல காத்து வரும் அண்ணாச்சி. நோட்டீஸ்ல நீங்களே எழுதியிருக்கிய.

— நீ மூட்றியா?

*

— இன்னா எழிலண்ணா, காலைலயே லுங்கிய மடிச்சிகினு ஓடைக்குள்ள நிக்கற?

— கத்தாத மஞ்சு. பேச்சிராஜு டீ குடிக்கப் போயிகீறான். அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடணும். இந்த வாரம் ஒனக்கு ஜெனரல் ஷிஃப்ட்டுன்னு ஒங்கம்மா சொல்லிச்சு.

— இன்னாத்த முடிக்கணும்? கைல இன்னா, டியூபு?

— மேஸ்திரியாண்ட கேட்டு வாங்கியாந்தேன். தண்ணி ரொப்பிகீது. இந்த மொனைல தண்ணி எந்த ஒசரத்துல நிக்குதோ அதே ஒசரத்துல அந்த மொனைலயும் நிக்கும். அந்த மொனைய அங்க மனைல கீற முளைக்குச்சில கட்டிட்டு வந்துட்டேன்.

— யாரு மனைண்ணா அது?

— ஒர்த்தரோட மனை. கடகால எம்மாம் ஒசரம் தூக்கணும்னு பாக்கணும்.

— ஓடைய ஒட்டியா? பாவம், யாரு தலைல கட்டின?

— கேள்வி கேக்காத, ஒன் பஸ்ஸு வந்துடப் போவுது. கம்பெனில புது கார்டு குடுத்துட்டாங்களா?

— எங்க குடுத்தாங்க? அதே மூக்கில்லாததுதான்.

— அப்பாடா. கயிறும் அதேதான?

— அதே கயிறுதான். ஏன்ணா கேக்கற?

— செருப்ப கரைல வுட்டுட்டு இப்டி நட்ட நடுவுல வாம்மா. நேரா நில்லு. கார்ட கையால புடிக்காத மஞ்சு, தானா தொங்கட்டும்.